தேன்கூட்டை எறிந்தால் எத்தனை டேமேஜ்?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லிப் பகடை உருட்டும் ஆட்டம். அன்றைய கதையில், மரக்கிளையில் ஒரு தேன்கூடு தொங்குகிறது. காடு காடு மாதிரி இருக்கட்டுமே என்று வர்ணனையில் நான் போட்ட ஒரு வரி, அவ்வளவுதான். கீழே ஓர் ஓகர் (முரட்டு அரக்கன்) தடியோடு நிற்கிறது. ரோக் (பதுங்கித் தாக்கும் ஆசாமி) பாத்திரம் ஆடும் தோழி தன் முறை வந்ததும், "வில்லெல்லாம் வேண்டாம். அந்தக் கூட்டைப் பிடுங்கி அவன் மூஞ்சியில எறியிறேன்" என்றாள். மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் எல்லாரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

டிஎம்மாக, அதாவது கதையை நடத்தித் தீர்ப்பும் சொல்கிற ஆளாக, உட்கார்ந்த யாருக்கும் இந்தப் பார்வை பழக்கம்தான். விதிப்புத்தகத்தில் வாள் இருக்கிறது, வில் இருக்கிறது, ஃபயர்பால் இருக்கிறது. தேன்கூடு இல்லை. புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தால் சூடு ஆறிவிடும். வாய்க்கு வந்ததைச் சொன்னால் அடுத்த வாரம் அதையே எனக்கு எதிராகக் காட்டுவார்கள்.

அன்றைக்கு நான் சொன்னது தப்பு. கிளையில் ஏற ஒரு அக்ரோபாட்டிக்ஸ் செக், கூட்டைப் பிய்க்க ஒரு ஸ்ட்ரென்த் செக், எறிய ஒரு அட்டாக் ரோல் என்று மூன்று முறை பகடை உருட்டச் சொன்னேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது, ரோலுக்கு 65 சதவீதம் வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்றும் அடுத்தடுத்து ஜெயிக்க வேண்டும் என்றால் அந்த 65 சதவீதம் 27 ஆகச் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது ரோலில் தோற்றாள். கூடு கிளையிலேயே இருந்தது, அவள் முறை போனது, ஓகர் அடித்தது. அதற்கப்புறம் மூன்று வாரம் அவள் முறை வரும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "வில்லால அடிக்கிறேன்."

அந்தத் தேன்கூட்டை அன்றிலிருந்து பல விதத்தில் மனசுக்குள் எறிந்து பார்த்துவிட்டேன். எங்கள் மேசையில் ஓடுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகங்கள். அதனால் எண்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான். மற்ற ஆட்டங்களில் திருடத் தகுந்தது இருக்கும் இடத்தில் அதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு எடைக்கல்

தேன்கூடு லாபமா நஷ்டமா என்று சொல்ல, அவள் வழக்கம்போல் வில்லால் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரிய வேண்டும். மூன்றாம் லெவல் ரோக். டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) +3, புரொஃபிஷியன்சி (பயிற்சி) +2, ஆக அட்டாக்குக்கு +5. ஓகரின் ஏசி (அடி படத் தொட வேண்டிய எண்) வெறும் 11, ஹிட் பாயிண்ட் (உயிர்) 59. இருபது முகப் பகடையில் 6 விழுந்தாலே போதும், அதாவது 75 சதவீதம். ஷார்ட்போவுக்கு (சின்ன வில்) 1டி6+3, அதாவது ஓர் ஆறுமுகப் பகடை, கூட 3; ரோக்கின் பதுங்கடியான ஸ்னீக் அட்டாக் சேர்ந்தால் இன்னும் 2டி6. பட்டால் சராசரி 13.5. தவறுகிற வாய்ப்பையும் கழித்தால் முறைக்கு சுமார் 10.

இந்தப் பத்துதான் எடைக்கல். தேன்கூடு இதைவிட ரொம்பக் குறைவாகத் தந்தால் யாரும் மறுபடி எறிய மாட்டார்கள். ரொம்ப அதிகமாகத் தந்தால் இனி யாரும் வில்லைத் தொட மாட்டார்கள்.

இம்ப்ரோவைஸ்டு வெப்பன்: பத்திரமான வழி, ஆனால் சப்பை

கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பதற்கு ஐந்தாம் பதிப்பில் விதி இருக்கிறது. ஆயுதம் எதையும் போல இல்லாத பொருள் என்றால் 1டி4 டேமேஜ். எந்த வகை டேமேஜ் என்பதை டிஎம் முடிவு செய்வார். எறிந்தால் தூரம் 20 அடி, டிஸ்அட்வான்டேஜோடு (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) 60 அடி வரை. உடைந்த மேசைக்கால் ஒரு கிளப் மாதிரியே இருக்கிறது என்றால் அதைக் கிளப்பாகவே எடுத்துக்கொள்ளலாம், புரொஃபிஷியன்சியும் சேர்த்துக்கொள்ளலாம். தேன்கூடு எந்த ஆயுதத்தையும் போல இல்லை. ஆக +5 இல்லை, +3 மட்டும். வாய்ப்பு 65 சதவீதம், பட்டால் சராசரி 5.5. ஸ்னீக் அட்டாக்கை இதற்கு நான் சேர்க்க விடமாட்டேன். கணக்குப் போட்டால் முறைக்கு 3.6.

பத்துக்குப் பதில் மூன்றரை. விதிப்படி இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த விதி பார்ப்பது ஒரு கனமான பொருளை. கூட்டுக்குள் இருக்கிற ஆயிரக்கணக்கான கொடுக்குகளை அது பார்க்கவே இல்லை. நாற்காலி, பீங்கான் ஜாடி, செத்த கோப்ளினின் தலைக்கவசம், இவற்றுக்கெல்லாம் இந்த விதி கச்சிதம். பொருளின் எடையோ முனையோதான் வலிக்க வைக்கிறது என்றால் யோசிக்காமல் இங்கே வந்துவிடலாம். பொருளுக்குள் இருப்பதுதான் வலிக்க வைக்கிறது என்றால் இது ஏமாற்று.

எண்ணெய்க் குப்பியை இந்தப் புத்தகமே எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். எறிவதற்கு இம்ப்ரோவைஸ்டு வெப்பன் விதிதான். ஆனால் பட்டால் டேமேஜே கிடையாது. எதிரி மேல் எண்ணெய் ஊற்றியிருக்கும், ஒரு நிமிடத்துக்குள் அவன்மேல் தீ பட்டால் கூடுதலாக 5 டேமேஜ். குப்பி வலிக்க வைப்பதில்லை, உள்ளே இருப்பதுதான் வேலை செய்கிறது. தேன்கூட்டுக்கு வேண்டிய சூத்திரத்தில் பாதி இதிலேயே இருக்கிறது.

ஆளுக்கு ஆள் மல்லுக்கட்டு

கிராப்பிள் (பிடித்து வைப்பது), ஷவ் (தள்ளுவது) இரண்டுக்கும் 2014 விதியில் இரண்டு பக்கமும் உருட்ட வேண்டும். நம் பக்கம் அத்லெடிக்ஸ், எதிரி பக்கம் அத்லெடிக்ஸ் அல்லது அக்ரோபாட்டிக்ஸ், எது வேண்டுமோ அதை அவன் தேர்ந்தெடுக்கலாம். இந்த அச்சில் வார்க்கக்கூடிய கோணங்கித் தாக்குதல்கள் நிறைய உண்டு. எதிரியின் மேலங்கியை இழுத்துத் தலையை மூடுவது, கேடயத்தைப் பற்றி இழுப்பது, படிக்கட்டில் காலை வாரிவிடுவது எல்லாம் இதில் அடங்கும். ஆயுதத்தைத் தட்டிவிடுவதற்கும், பெரிய மிருகத்தின் முதுகில் ஏறுவதற்கும் டிஎம் கையேட்டிலேயே விருப்ப விதிகள் இருக்கின்றன. பலர் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை.

அத்லெடிக்ஸ் +5 உள்ள ஃபைட்டர் ஓகரைத் தள்ளப் பார்த்தால் 52.5 சதவீதம். சமமாக விழுந்தால் எதுவும் மாறாது. 2024 பதிப்பில் இந்த மல்லுக்கட்டே போய்விட்டது. எதிரி ஒரு சேவிங் த்ரோ (தப்பிக்கும் ரோல்) போடுகிறான், எட்டோடு ஸ்ட்ரென்த்தும் புரொஃபிஷியன்சியும் சேர்ந்ததுதான் டிசி, அதாவது அவன் தொட வேண்டிய எண். அதே ஃபைட்டருக்கு டிசி 13, ஸ்ட்ரென்த் +4 உள்ள ஓகர் 60 சதவீதம் தப்பிக்கும். வேகம் கூடியிருக்கிறது, முரட்டு ஆசாமிகளுக்கு எதிராக வாய்ப்பு குறைந்திருக்கிறது. எனக்குப் பழையதுதான் பிடிக்கும். இரண்டு பேர் பகடையை ஒன்றாக உருட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

தேன்கூட்டுக்கு இது பொருந்தாது. ஓகர் தேனீயோடு மல்லுக்கட்டாது.

சேவிங் த்ரோ: எந்தத் திறன் என்பதுதான் நிஜமான கேள்வி

அட்டாக் ரோலா, சேவிங் த்ரோவா என்று குழம்பும்போது நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இங்கே சோதிக்கப்படுவது யாருடைய திறமை? எறிகிறவளின் குறியா, வாங்குகிறவனின் உடம்பா? கூட்டைக் குறி பார்த்து எறிவது பெரிய வித்தை இல்லை. பத்தடி உயர ஆள் மேல் படாமல் எறிவதுதான் கஷ்டம். கூடு உடைந்தபின் என்ன ஆகிறது என்பதில்தான் சுவாரசியம். ஆக பகடை ஓகர் பக்கம் போகட்டும்.

டிசி எவ்வளவு? கிராப்பிளுக்கு 2024 சொன்ன அதே கணக்கை டெக்ஸ்டெரிட்டிக்கு மாற்றிப் போடலாம். எட்டு, கூட மூன்று, கூட இரண்டு, ஆக 13. இப்போது எந்தத் திறனால் தப்பிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். விளைவை ஆட்டிவைப்பது இந்தத் தேர்வுதான். ஓகரின் டெக்ஸ்டெரிட்டி −1. டெக்ஸ் சேவ் என்றால் 65 சதவீதம் தோற்கும். கான்ஸ்டிடியூஷன் (உடம்பின் தாங்குதிறன்) +3. கான் சேவ் என்றால் 45 சதவீதம்தான் தோற்கும். தேனீக்கள் வருமுன் முகத்தை மூடிக்கொண்டு விலகுவதா, கொட்டியபின் தாங்குவதா? முதலாவதுதான் எனக்கு இயல்பாகப் படுகிறது. ஆனால் அதே கூட்டை இரும்புக் கவசம் போட்ட ஒல்லியான தளபதி மேல் எறிந்தால் பதில் மாறலாம். கவசத்துக்குள் தேனீ புகுந்துவிட்டால் தப்பிக்க வழியில்லை, அங்கே தாங்குவதுதான் கேள்வி.

டிஎம்கள் வழக்கமாகச் சறுக்குவதும் இங்கேதான். கதைக்குப் பொருந்துகிற திறனைச் சொல்லாமல், தனக்குப் பிடித்த அரக்கன் பிழைக்கிற திறனைச் சொல்லிவிடுவது. ஆட்டக்காரர்களுக்கு இது மூக்கில் வேர்த்த மாதிரி தெரிந்துவிடும்.

ஆள் விழுந்தால்?

ஒரு சின்ன விலகல். மேலிருந்து எதிரி மேலேயே குதிப்பது எல்லா மேசையிலும் ஒருநாள் வந்தே தீரும். அதற்கு 2020இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் என்ற துணைப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. கீழே இருப்பவன் டிசி 15 டெக்ஸ் சேவ் போட வேண்டும். தோற்றால் விழுந்த டேமேஜை இருவரும் பாதிப் பாதி பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கீழே இருப்பவன் விழுந்தவனைவிட இரண்டு அளவு பெரியவனாக இல்லாத வரை தரையில் சாய்வான். பத்தடிக்கு 1டி6 என்பதால் முப்பது அடியிலிருந்து குதித்தால் 3டி6, சராசரி 10.5, ஆளுக்கு ஐந்து. ஓகர் 75 சதவீதம் தோற்றுத் தரையில் விழும்.

ஐந்து டேமேஜ் ஒன்றுமில்லை, தரையில் விழுவதுதான் லாபம். அடுத்து வருகிற கைகலப்பு அடி எல்லாவற்றுக்கும் அட்வான்டேஜ், இரண்டு பகடை உருட்டி அதிகமானதை எடுக்கலாம். கோணங்கித் தாக்குதலுக்குப் பரிசு டேமேஜாகவே இருக்க வேண்டியதில்லை என்று புத்தகமே ஒப்புக்கொள்கிற இடம் இது.

இரவல் வாங்குவது

இருக்கிற ஸ்பெல்லையோ (மந்திரத்தையோ) மிருகத்தையோ எடுத்துப் பெயரை மாற்றி வைப்பது பல டிஎம்களுக்குப் பிடித்த குறுக்குவழி. தேன்கூட்டுக்கு இரண்டு இரவல் கண்ணில் படுகின்றன. ஒன்று, இன்செக்ட் பிளேக் ஸ்பெல்: 20 அடி ஆரத்தில் 4டி10 டேமேஜ். இது ஐந்தாம் நிலை ஸ்பெல், ஒன்பதாம் லெவலில் கைக்கு வருவது. மூன்றாம் லெவல் ரோக்குக்கு மரக்கிளையிலிருந்து இலவசமாகக் கொடுத்தால் ட்ரூயிட் (காட்டு மந்திரவாதி) ஆடுகிற நண்பன் என்னோடு பேசவே மாட்டான், அவன் கோபம் நியாயமும்கூட.

இன்னொன்று, ஸ்வார்ம் ஆஃப் இன்செக்ட்ஸ் என்ற பூச்சிக்கூட்டம். குளவிகளுக்கான மாற்றுக் குறிப்பும் அதிலேயே இருக்கிறது, பறக்கும் வேகம் 30 அடி. ஹிட் பாயிண்ட் 22, அட்டாக் +3, கடித்தால் 4டி4, பாதி உயிர் போனபின் 2டி4. ஓகருக்கு எதிராக 65 சதவீதம் பட்டு, முறைக்கு சுமார் 6.5. வில்லைவிடக் குறைவு என்று தோன்றும், ஆனால் இது ஒவ்வொரு ரவுண்டும் நடக்கிறது. ஓகரின் தடியடியில் பாதிதான் கூட்டத்துக்குப் படும், சாதாரண அடிகளுக்கு அது ரெசிஸ்டன்ஸ் உள்ளது. ரோக் இன்னொரு பக்கம் வில்லால் அடித்துக்கொண்டே இருக்கலாம். ஒரே முறையைச் செலவழித்துச் சண்டைக்கு ஒரு புது ஆளைக் கொண்டுவந்தாயிற்று.

கதையாகப் பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் அழகு. கூட்டம் யார் பக்கமும் இல்லை, மூன்றாவது ரவுண்டில் ஃபைட்டரையும் கொட்டலாம். ஆனால் விலை இருக்கிறது. இனிஷியேட்டிவ் (யாருக்கு எப்போது முறை என்ற) வரிசையில் ஒரு பெயர் கூடுகிறது, நான் இயக்க வேண்டிய உருவம் ஒன்று கூடுகிறது, யார் பக்கத்தில் யார் என்ற வாக்குவாதம் கூடுகிறது. அந்த ஓகர் அன்றைய இரவின் முக்கியச் சண்டை என்றால் செய்வேன். வழியில் வந்த சில்லறைச் சண்டைக்கு மாட்டேன்.

மறந்துபோன அட்டவணை

2014 டிஎம் கையேட்டின் எட்டாம் அத்தியாயத்தில் இரண்டு சின்ன அட்டவணைகள் இருக்கின்றன. புத்தக அலமாரி சரிந்து விழுந்தால் 1டி10, மின்னல் அடித்தால் 2டி10, இடிந்து விழும் சுரங்கத்தில் சிக்கினால் 4டி10, எரிமலைக் குழம்பில் நடந்தால் 10டி10 என்று முதலாவது போகும். இரண்டாவது அதையே லெவல்வாரியாகப் பிரிக்கிறது. நாலாம் லெவல் வரை சின்னச் சறுக்கல் 1டி10, ஆபத்தானது 2டி10, உயிர் போகிறது 4டி10. ஐந்திலிருந்து பத்து வரை இவை 2டி10, 4டி10, 10டி10 ஆகின்றன. அவ்வளவுதான். நான் இதை மேசையில் என் முன்னால் நிறுத்தும் மறைப்புத் திரையின் உள்பக்கம் கையால் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 2008இல் வந்த நான்காம் பதிப்பு டிஎம் கையேட்டின் 42ஆம் பக்கம். விதியில் இல்லாத செயல்களுக்கு லெவல்வாரியாக டிசியும் டேமேஜும் அந்த ஒரே பக்கத்தில் இருந்தன. அந்தப் பதிப்பைத் திட்டுகிறவர்கள்கூட அந்தப் பக்கத்தைத் திட்டி நான் கேட்டதில்லை. 2019இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற இன்னோர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பிலும் லெவலுக்கு ஒரு டிசி என்று அட்டவணை இருக்கிறது. மூன்றாம் லெவல் எதிரி என்றால் 18. யோசிக்கிற நேரம் மிச்சம்.

தேன்கூட்டுக்கு வருவோம். மூன்றாம் லெவல், ஆபத்தானது என்று வைத்தால் 2டி10, சராசரி 11. டெக்ஸ் சேவ் டிசி 13, ஜெயித்தால் பாதி. 65 சதவீதம் முழுசு, 35 சதவீதம் பாதி. கூட்டினால் சுமார் 9. எடைக்கல் பத்து! கிட்டத்தட்ட ஒட்டிவிட்டது. இதோடு சேவ் தோற்றால் ஓகருக்கு அதன் அடுத்த முறை முடியும் வரை அட்டாக்கில் டிஸ்அட்வான்டேஜ் என்று சேர்த்தால் தேன்கூடு வில்லைவிட ஒரு மயிரிழை மேலே போகும். அந்த மயிரிழை போதும். யோசித்ததற்கு ஒரு பரிசு கிடைத்தது, வில் குப்பைக்குப் போகவும் இல்லை.

டிஸ்அட்வான்டேஜின் மதிப்பையும் எண்ணால் பார்க்கலாம். ஓகர் +6 வைத்துக்கொண்டு ஏசி 15 உள்ள ஃபைட்டரை அடிக்க 60 சதவீதம். டிஸ்அட்வான்டேஜோடு 36. அதன் தடியடி சராசரி 13 என்பதால் முறைக்கு 7.8 வாங்க வேண்டியவன் 4.7 வாங்குவான். மூன்று ஹிட் பாயிண்ட் மிச்சம். பெரிசில்லை. ஆனால் ஓகர் தடியைக் காற்றில் வீசிக்கொண்டு தேனீயை விரட்டுகிற காட்சி மேசையில் எல்லார் மனசிலும் நிற்கும்.

எண்ணே இல்லாத வழிகள்

ஃபேட் மாதிரி ஆட்டங்களில் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. அங்கே 'கிரியேட் அட்வான்டேஜ்' என்று ஒரு செயல் இருக்கிறது. ஜெயித்தால் ஓகர் மேல் 'தேனீ மொய்த்த முகம்' என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிடலாம், ஒரு முறை இலவசமாக அதைப் பிடித்து +2 வாங்கிக்கொள்ளலாம். வாள், தேன்கூடு, வசைச்சொல் எல்லாமே ஒரே விதி. சுத்தமாக இருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே சுத்தமாக. எல்லாத் தாக்குதலும் +2 ஆனால் தேன்கூட்டுக்கும் வசைச்சொல்லுக்கும் பகடையில் வித்தியாசம் தெரியாது என்பது என் சின்ன மனக்குறை.

டஞ்சன் வேர்ல்டு ஆட்டத்தில் 2டி6 உருட்டி 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலையோடு வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழே வம்பு. +1 உள்ள ஆளுக்கு நடுவில் விழ 44 சதவீதம். அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவான தடவை, கூடும் உடையும், தேனீ உங்களையும் கொட்டும். தேன்கூட்டுக்காகவே செய்த விதி மாதிரி இருக்கிறது.

பிளேட்ஸ் இன் த டார்க் ஆட்டத்திலிருந்து நான் திருடியது ஒரு பழக்கத்தை. பகடை உருட்டுவதற்கு முன்பே நிலைமை எவ்வளவு ஆபத்து, பலன் எவ்வளவு பெரியது என்று ஆட்டத்தை நடத்துகிறவரும் ஆட்டக்காரரும் பேசி முடித்துவிடுகிறார்கள். ஐந்தாம் பதிப்பு மேசையில் இதைக் கொண்டுவருவதற்கு விதி எதையும் மாற்ற வேண்டாம். "டெக்ஸ் சேவ், தோத்தா 2டி10, ஜெயிச்சா பாதி. ஆனா நீ கிளைக்குக் கீழதான் நிக்கிற, பகடையில ஒன்னு விழுந்தா உன்னையும் கொட்டும். எறியிறியா?" என்று கேட்டால் போதும். அவள் எறியலாம், வேண்டாம் என்று வில்லை எடுக்கலாம். எதுவானாலும் அப்புறம் சண்டை வராது.

கண்ணைக் குறிவைக்கிறேன்

இதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேன்கூடு ஆண்டுக்கு ஒருமுறை வரும், இது வாராவாரம் வரும். கண்ணில் அம்பு, கழுத்தில் கத்தி, முழங்காலில் சுத்தியல்.

கர்ப்ஸ் ஆட்டத்தில் இதற்கு முழு விதி உண்டு. கைக்கு −2, கழுத்துக்கு −5, மண்டைக்கு −7, கண்ணுக்கு −9. மூன்று ஆறுமுகப் பகடையைக் கூட்டி உருட்டுகிற ஆட்டம் என்பதால் இந்தக் கழித்தல் பயங்கரமாக வேலை செய்யும். திறன் 12 உள்ளவன் சாதாரணமாக 74 சதவீதம் அடிப்பான். கண்ணைக் குறிவைத்தால் 2 சதவீதத்துக்கும் கீழே. அங்கே அது சரி, ஏனென்றால் காயம் எந்த உறுப்பில் பட்டது என்பதை அந்த ஆட்டம் கணக்கு வைக்கிறது.

ஐந்தாம் பதிப்பு கணக்கு வைப்பதில்லை. ஹிட் பாயிண்ட் என்பது சதை மட்டுமில்லை. மூச்சு, அதிர்ஷ்டம், மனத்திடம் எல்லாம் கலந்த கூழ். ஒவ்வொரு அம்பும் கண்ணையோ கழுத்தையோ குறிவைத்துத்தான் விடப்படுகிறது, கிரிட்டிக்கல் (பகடையில் 20) விழுந்தால் அது பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இருபது முகப் பகடையில் கண்ணுக்கு −5 என்று வைத்தால் என்ன ஆகும்? ஏசி 11 ஓகரை அடிக்கிற ரோக்குக்கு 75 சதவீதம் 50 ஆகும். அரக்கனைக் குருடாக்க 50 சதவீதம் என்றால் யார்தான் நெஞ்சைக் குறிவைப்பார்கள்? கண்ணைக் குறிவைப்பதற்கு என் மேசையில் பதில் ஒன்றுதான்: வர்ணனையாகச் சொல்லு, எண் மாறாது. மண்ணை அள்ளிக் கண்ணில் எறிந்தால் அது வேறு. ஒரு ஆக்‌ஷன் முழுசாகச் செலவாகிறது, டேமேஜ் இல்லை. சேவ் போடச் சொல்லி, தோற்றால் அடுத்த முறை வரை பார்வை போகட்டும் என்று விடுவேன்.

மாட்டேன் என்று சொல்வதும் ஒரு விதிதான்

கிரியேட் வாட்டர் ஸ்பெல்லால் எதிரியின் நுரையீரலில் தண்ணீர் நிரப்புகிறேன் என்பது ஒரு பழைய வம்பு. திறந்த பாத்திரத்தில்தான் தண்ணீர் வரும் என்று ஸ்பெல் சொல்கிறது, நுரையீரல் திறந்த பாத்திரம் இல்லை. வார்த்தையைப் பிடித்துத் தப்பித்துவிடலாம். ஆனால் வார்த்தை எப்படி இருந்தாலும் நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன். முதல் நிலை ஸ்பெல் ஒன்றால் மூச்சு விடுகிற எதையும் கொல்லலாம் என்று ஒருநாள் ஒப்புக்கொண்டால், மறுநாளிலிருந்து ஆட்டம் அந்த ஒரே ஸ்பெல்தான். என் வில்லன்களுக்கும் அதே ஸ்பெல் தெரியும் என்று சொன்னால் வழக்கமாக வாதம் அங்கேயே முடியும்.

நூற்றுக்கணக்கான கிராமத்து ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, முன்கூட்டியே தயாராக இருந்து சமயத்தில் செயல்படும் ரெடி ஆக்‌ஷனால் ஒரு ஈட்டியை ஆறு நொடி ரவுண்டுக்குள் கடைசி ஆள் வரை கைமாற்றி, அந்த வேகத்தில் எறிகிற கதையும் இதே சாதி. ஈட்டி கைமாறுகிற வரை விதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். டேமேஜ் வரும்போது இயற்பியலுக்குத் தாவுகிறார்கள். இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். விதி என்றால் கடைசி ஆள் சாதாரணமாக ஈட்டி எறிகிறான். இயற்பியல் என்றால் ஈட்டி முதல் முப்பது ஆளைத் தாண்டவே ஆறு நொடி ஆகும். 2024 டிஎம் கையேடு இந்த விளையாட்டைச் சொல்லியே மறுத்திருக்கிறது.

அப்போது எதை எடுப்பது?

மேலே சொன்ன எல்லாவற்றையும் எடைபோட்ட பிறகு, எந்த விதி கதைக்கு ரொம்பப் பொருந்துகிறது என்ற கேள்வியை நான் இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். முதல் கேள்வி: இதை நாளைக்கும் செய்ய முடியுமா?

தேன்கூடு அந்த ஒரு மரத்தில்தான் தொங்குகிறது. சரவிளக்கு அந்த ஒரு மண்டபத்தில்தான். அப்படிப்பட்டதற்குத் தாராளமாக இருக்கலாம். அட்டவணையில் ஒரு படி மேலே போனாலும் ஆட்டம் கவிழாது, ஏனென்றால் மரத்தை யாரும் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை. ஒரே ஒரு ரோல், ஒரு டேமேஜ், ஒரு நிலைக்கேடு (டிஸ்அட்வான்டேஜ் மாதிரி), முடிந்தது. மண்ணெறிவது, கண்ணைக் குறிவைப்பது, மேஜ் ஹேண்ட் என்ற மாயக்கையால் எதிரி தலையில் எண்ணெய் கவிழ்ப்பது, இவை நாளைக்கும் நாளன்றைக்கும் முடியும். அப்படிப்பட்டதை ஏற்கெனவே இருக்கிற விதிக்குள் இறுக்கமாக உட்காரவைப்பேன், சாதாரண அடியைவிட டேமேஜில் கீழே இருக்கும்படி. மேஜ் ஹேண்டால் தாக்க முடியாது என்று ஸ்பெல்லிலேயே இருக்கிறது, பத்து பவுண்டுக்கு மேல் தூக்காது. ஆக எண்ணெய் ஊற்றலாம், எதிரி ஒரு டெக்ஸ் சேவ் போட்டு விலகலாம், தீ வைக்க இன்னொருவர் முறை வேண்டும். நாளைக்கும் செய்யலாம், செய்தால் சண்டையை முடித்துவிடும் என்கிற நுரையீரல் வகைக்குப் பதில் 'மாட்டேன்'.

பாதி வழக்குகள் இதிலேயே தீர்ந்துவிடும். மீதிக்குத்தான் யார் பகடை உருட்டுவது, எந்தச் சேவ் என்ற கேள்விகள். ரோல் எண்ணிக்கையில் மட்டும் எனக்குப் பிடிவாதம் உண்டு. எத்தனை படி இருந்தாலும் தோற்றால் கதை சுவாரசியமாகிற படி எதுவோ அதற்கு மட்டும் ஒரே ஒரு ரோல். கிளையில் ஏறுவது ரோக்குக்குத் தினசரி வேலை. அதில் தோற்றால் என்ன சுவாரசியம்?

பல மாதம் கழித்து இன்னொரு காட்டில் இன்னொரு கூட்டைத் தொங்கவிட்டேன், வேண்டுமென்றேதான். அவள் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தாள். "மறுபடி மூணு தடவை உருட்டணுமா?" "ஒன்னுதான். அதுவும் நீ இல்ல, அவன் உருட்டணும்." ஓகர் 4 உருட்டியது. 2டி10இல் பதினேழு விழுந்தது. அடுத்த முறை ஓகர் தடியை வீசி, டிஸ்அட்வான்டேஜில் தவறி, மரத்தை அடித்தது.

சண்டை முடிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "இந்தத் தேனீயை ஒரு மூடி போட்ட பெட்டியில் பிடிச்சு வச்சுக்கலாமா? ஒவ்வொரு சண்டைக்கும் ஒன்னு."

என் கேள்வி எனக்கே திரும்பி வந்துவிட்டது. புத்தகத்தை எடுத்து ஆல்கெமிஸ்ட்ஸ் ஃபயர் என்ற தீக்குப்பி இருக்கிற பக்கத்தைத் திறந்தேன். குப்பி ஒன்று 50 கோல்ட், டேமேஜ் முறைக்கு 1டி4, டிசி 10இல் அணைத்துவிடலாம். "வச்சுக்கலாம். பெட்டி ஒன்னு அம்பது கோல்ட். எறிஞ்சு பட்டா ஒவ்வொரு முறையும் 1டி4, டிசி 10இல் உதறிடலாம். ஒரு வாரத்துக்குள்ள எறியலைன்னா உள்ளேயே செத்துடும்."

அவள் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பெட்டி வாங்கினாள்.